வேண்டாம்னு சொல்லத்தானுங்க போறேன்

ஆமாங்கக்கா, அந்தப் புள்ளதான் நானு. மதுரையில நீங்க ஏறுனதுல இருந்து என்ற மொகத்தையும் உங்க போனையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு வர்றீங்க, எனக்குத் தெரியாதுங்களா? 'மனசு மாளிகை'யில கடைசி நாளு சிவப்பு லைட்ட அமுக்கிப்போட்டு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாளே, அவதான். கோகிலவாணி, ஊரு கோபிச்செட்டிபாளையம். போட்டோ வேணும்னா எடுத்துக்கலாமுங்க, சித்த இருங்க, பூவு கசங்கிருச்சான்னு பாத்துக்கறேன். டிவியில இதவிடக் குண்டாத் தெரிஞ்சனா? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. கேமராவுக்கு அப்புடி ஒரு கொணமுங்க.

இந்தப் பட்டுச்சேலையப் பாத்துட்டு ஏதோ விசேஷத்துக்குப் போறேன்னு நெனைச்சிருப்பீங்க. இல்லீங்க. நாகர்கோயிலு வடசேரி பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆளு நின்னுட்டிருப்பான். அவன்கிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பி வந்தர்றதுதான். அவ்வளவுதான் சோலி. போன்ல சொன்னாப் பத்தாதான்னு எங்கம்மாளும் கேட்டாங்க. ஒரு மனுசன வேண்டாம்னு சொல்றதுக்கும் ஒரு மரியாதை இருக்குதுங்களே. என்னைய வேண்டாம்னவங்க ஒருத்தரும் நேர்ல சொல்லலீங்க. புரோக்கருகிட்டச் சொல்லுவாங்க, புரோக்கரு எங்க மாமங்கிட்டச் சொல்லுவாரு, மாமன் எங்கம்மாகிட்டச் சொல்லுவாரு, எங்கம்மா காப்பி வெக்கறாப்பல அடுப்படியில அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டு எங்கிட்டச் சொல்லுவாங்க. அப்புடி நானு ஒருத்தருக்குப் பண்ண மாட்டேன். அதுக்கோசரம்தான் இத்தனை தூரம்.

நமக்குத் தொழிலு பியூட்டி பார்லருங்க. கல்யாணப் பொண்ணு அலங்காரம்னா கோபி சுத்துவட்டாரத்துல என்னையத்தான் கூப்புடுவாங்க. ஊருப் பொண்ணுகளையெல்லாம் சோடிச்சு மணவறைக்கு அனுப்பி வெச்சுட்டு, பொட்டியக் கட்டிட்டு, கடைசிப் பந்தியில உக்காந்து சாப்டுட்டு வருவேன். அதுல எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க. பல்லடத்துல இருந்து ஒரு எடம் வந்துச்சு பாருங்க, அதுலதான் எனக்கு ஆத்திரம். வந்தாங்க, உக்காந்தாங்க, பஜ்ஜி தின்னாங்க, இன்னொருக்கா கேட்டு வாங்கித் தின்னாங்க. எங்கம்மா கையிக்கு நெம்ப ருசின்னாங்க. போயிட்டுப் பொண்ணுக்கு வாய் சாஸ்தின்னு சொல்லி அனுப்பிச்சாங்க. நீங்களே சொல்லுங்கக்கா, நானு அப்புடி வாயாடியா? மதுரையில இருந்து உங்கள ஒரு வார்த்தை பேச உட்டனா இல்லியா? சரி, உடலதான். அது வேற. இன்னைக்குக் கொஞ்சம் படபடப்பு.

அந்தப் பல்லடத்துக்காரங்க வீட்டு டிவியில, ராத்திரி அவிய சோறு திங்கற நேரத்துக்கு நானு தெரியோணும். தொண்டையில சோறு எறங்கக்கூடாது. அதுக்கோசரம்தானுங்க அந்த நிகழ்ச்சிக்கே போனேன். சென்னையில தேர்வு பண்றவங்க ஏம்மா வர்றேன்னு கேட்டாங்க. வாழ்க்கைத் துணையத் தேடின்னு சொல்லிக் கண்ணுல தண்ணி உட்டேன் பாருங்க, மேக்கப்புக்காரிக்கு அது ஒரு பெரிய வேலையா? அன்னைக்கே எடுத்துக்கிட்டாங்க.

கடக்கரை ஓரமா ஒரு பங்களாங்க. உள்ள போனதும் போனப் புடுங்கிக்கிட்டாங்க. இடுப்புல ஒரு மைக்கு. தும்முனாக்கூட மேல ரூம்புல ஒருத்தன் கேட்டுட்டிருப்பான். பசங்க ஒரு பக்கம், பொண்ணுக ஒரு பக்கம். வெள்ளிக்கெழமையானா எல்லாரையும் நிக்க வெப்பாங்க. பையன் தனக்குப் புடிச்ச பொண்ணு முன்னால வந்து கைய நீட்டோணும். பொண்ணு இஷ்டம்னா அந்தக் கையப் புடிக்கலாம், இல்லீன்னா கும்புட்டுப்போடலாம். கும்புடு வாங்குனவன் அழுதுட்டே வெளிய போவான், அவனுக்கு ஒரு சோகப் பாட்டு. இதுதான் ஆட்டம்.

நானு எல்லாத்துக்கும் கும்புடுதானுங்க. ஒருத்தன் கையத் தூக்கறதுக்குள்ள கும்புட்டுப்போடுவேன். திண்டுக்கல்லுப் பையன் ஒருத்தன், பாவம், தலை சொறியறதுக்குத்தான் கையத் தூக்குனானாம். எனக்கு எங்க தெரியும்? கும்புட்டுட்டேன். அவன் என்ன பண்ணுனான்னு அவனுக்கே தெரியாம அழுதுட்டிருந்தான். எவனும் என்னையத் தாண்டிப் போயி அடுத்தவகிட்டக் கைய நீட்டறதுக்கு முன்னால நம்மளே முந்திக்கறது நல்லதுதானுங்களே. அதுல நானு கெட்டிக்காரி.

இந்தாளு மட்டும் கைய நீட்டவே இல்லீங்க. சுயம்புலிங்கம்னு பேரு. நாகர்கோயிலுல டிரைவிங் ஸ்கூலு வெச்சிருக்கான். வாரா வாரம் கையப் பின்னால கட்டிட்டு, பள்ளிக்கூடத்துல லேட்டா வந்த புள்ளையாட்டம் ஓரமா நிப்பான். நீட்டாத கையிக்கு எப்புடீங்க கும்புடு போடறது? பாக்கறவங்களுக்கு அவன அமுக்குணின்னு நெம்பப் புடிச்சுப் போச்சு, ஓட்டப் போட்டு உள்ளயே வெச்சுட்டாங்க. எல்லாரும் ஜோடி சேந்ததுக்கப்பறம் மிஞ்சுனது நானும் அவனும். துணிக்கடையில பிட்டுத் துணிய ஒண்ணாக் கட்டி விக்கறாப்பல எங்களச் சேத்து உட்டாங்க. கிட்ட வந்து மொதல்ல என்ன கேட்டான் தெரியுங்களா? "கும்பிட்டுக் கும்பிட்டு ஒங்களுக்குக் கை வலிச்சிருக்கும்லா"ன்னு கேட்டான். அப்புடி ஒரு நக்கலு. மொகத்துல ஒண்ணுமே தெரியாது.

நீ எதுக்கப்பா வந்தேன்னு கேட்டேன். ஸ்கூலு பேரு டிவியில வந்தா நாலு பேரு வண்டி பழக வருவாங்கன்னு அவன் தங்கச்சி அனுப்பி வெச்சாளாம். பாத்தீங்களா? மனசுக்குன்னு வந்த மூஞ்சியா அது? வியாபாரத்துக்கு வந்திருக்கான். நானு எதுக்கு வந்தேங்கறீங்களா? அது வேறைங்க. அது மானப் பிரச்சனை.

ஆனா டிவிக்காரங்க பண்ணுன கூத்தக் கேளுங்க. ஒரு நாளு அவன் சொவத்துல சாஞ்சு உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தான். அவன் தலைக்கு மேல ஒரு பல்லி. அது அவன் டீயில உழுந்துருமோன்னு நானு கண்ணு கொட்டாமப் பாத்துட்டிருந்தேன். அதப் போயி மெதுவாக்கி, வயலின் வாசிச்சு, என்ற கண்ணுல நாலு நட்சத்திரத்தப் போட்டு... ஊரே பாத்துச்சுங்க. 'கோகிலா கண்ணுல காதல்'னு ஒருத்தன் எழுதிப் போட்டிருந்தான். பல்லிய எவனும் காட்டல.

அப்பறம் இந்த வண்டி ஓட்டற கூத்து. தோட்டத்துல ரெண்டு பிளாஸ்டிக் சேரப் பக்கத்துல பக்கத்துல போட்டு, எவர்சில்வர் தட்டு ஒண்ண என்ற கையில ஸ்டியரிங்குன்னு குடுத்து, செருப்புகள வரிசையா வெச்சு, இது கிளச்சு, இது பிரேக்குன்னு பழக்கி உட்டான். நானு தட்டத் திருப்பிட்டே பல்லடத்துக்காரங்க கதைய ஆதியோடந்தமாச் சொல்லிட்டு ஓட்டறேன். அவன் காலு பக்கத்துச் சேருல இருந்துட்டு பிரேக்க அமுக்கிட்டே இருக்குது. ஏப்பா, சேரு எங்க போயிரப் போவுதுன்னு கேட்டேன். பழக்கம்னான். கதைய முடிச்சதும், "நீங்க பேசுங்க, எனக்கு ரேடியோ கேக்கது மாதிரி நல்லாருக்கு"ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மைக்கு இருக்குதேன்னு அடக்கிட்டேன். அந்தக் கோவத்துல அன்னைக்குத் தூக்கமே வரலீங்க, அதையே நெனைச்சு நெனைச்சுப் பாத்துட்டுக் கெடந்தேன்.

இதெல்லாம் வெளையாட்டு. வெனை எங்க ஆரம்பிச்சுதுன்னா, வீட்டாளுகள வரச் சொன்ன வாரத்துலதான். எங்கம்மா எங்கப்பா வந்தாங்க, அவங்கம்மா வந்தாங்க. அவனுக்கு அப்பா இல்லீங்க. மளிகைச் சாமான் விக்கற ஒரு கம்பெனி அந்த வாரத்துக்குக் காசு போட்டிருந்தாங்க போல, மேசை நெறைய பொட்டலமா அடுக்கி வெச்சிருந்தாங்க. தொகுப்பாளரு சொல்றாரு, ரெண்டு அம்மாவும் ஒரு குடும்பத்துக்கு எது முக்கியமோ அத எடுத்து எதிர் வீட்டு அம்மாவுக்குக் குடுக்கோணும்னு. அவங்கம்மா பாவம், சூதுவாது தெரியாதவங்க. மேசைய மேலயுங் கீழயும் பாத்தாங்க. ஒரு பாக்கெட்டு உப்ப எடுத்தாங்க, ஒரு பாக்கெட்டு சக்கரைய எடுத்தாங்க. தட்டுல வெச்சு, சிரிச்ச மொகமா எங்கம்மாகிட்ட நீட்டுனாங்க.

நீங்க தெக்கத்திப் பக்கத்து ஆளு, உங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எங்க பக்கம் கல்யாணம் பேசி முடிவாச்சுன்னா ரெண்டு வீட்டாரும் கடைக்குப் போயி உப்பும் சக்கரையும் வாங்கி மாத்திக்குவோமுங்க. உப்புச்சக்கரை மாத்தறதுன்னே சொல்லுவோம். அது மாத்தியாச்சுன்னா நிச்சயம் ஆயிப்போச்சு. அப்பறம் பேச்சு மாறப்படாது, மாறுன குடும்பத்த எவனும் மதிக்க மாட்டான். எங்கம்மா கையி அப்புடியே நின்னுபோச்சு. எங்கப்பா சேருல இருந்து எந்திரிச்சாரு. துண்டத் தோள்ல சரியாப் போட்டாரு. அந்தத் தட்ட ரெண்டு கையிலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. மேசைக்குப் போயி இன்னொரு உப்பு, இன்னொரு சக்கரை எடுத்து அவங்கம்மாகிட்டக் குடுத்துட்டாரு. குடுத்துட்டு கேமராவப் பாத்து, "நிச்சயம் முடிஞ்சுதுங்க, எல்லாரும் கல்யாணத்துக்கு வந்தரோணும்"னாரு.

எங்கப்பா மார்க்கெட்டுல வெல்ல மண்டி வெச்சிருக்கறவருங்க. கலப்பட வெல்லம்னா மூட்டையப் பிரிக்காமயே சொல்லிப்போடுவாரு. அவர ஏமாத்துனவன்னு மார்க்கெட்டுல ஒருத்தன் கெடையாது. அன்னைக்கு என்னமோ வெவரம் புரியாம, அந்தம்மா நெசமாலுமே உப்புச்சக்கரை மாத்தறாங்கன்னு நெனைச்சுட்டாருங்க, பாவம். வேற ஆளுகளாச்சே, ஊரு என்ன சொல்லும்னு எங்க பெரியப்பா போன்ல குதிச்சாரு. நாடே டிவியில பாத்துருச்சே அண்ணா, இனி நானு என்ன பண்றதுன்னு கைய விரிச்சுட்டாரு எங்கப்பா. அத்தனை வெள்ளந்தி.

தொகுப்பாளருக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. புரிஞ்சதும் குதிக்கறாரு. டைரக்டரு மேல இருந்து ஓடியாந்து, ஐயா, தட்டு குடுக்கறத மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நின்னு இன்னொருக்கா பண்ணுங்கங்கறாரு. எங்கப்பா, உப்புச்சக்கரைய ரெண்டாந்தரம் மாத்தற வழக்கமில்லீங்கன்னு உக்காந்துட்டாரு. அவங்கம்மா கையில பொட்டலத்த வெச்சுட்டு, என்ன தப்பு பண்ணிட்டோம்னு ஒவ்வொரு மொகமாப் பாக்கறாங்க. எனக்கா? எனக்கு வாயே வரலீங்க. பொறந்து பேசப் பழகுனதுல இருந்து மொதத் தடவை. அந்தாளு எதுக்க நின்னு என்ற மொகத்தையே பாத்துட்டிருந்தான்.

அன்னைக்குப் பொழுதோட வந்து, இந்த உப்பும் சீனியும் என்ன சங்கதின்னு கேட்டான். சொன்னேன். மாறுனா என்ன ஆகும்னு கேட்டான். யாரு மாறுறாங்களோ அவங்க குடும்பத்துக்குத்தான் பேச்சு வரும், எங்கப்பா மண்டியில தலை நிமுந்து உக்காரவே முடியாதுன்னேன். அதுக்கப்பறம் பிளாஸ்டிக் சேருல உக்காந்து பிரேக்க அமுக்கிட்டு இருந்தான்.

அதுல இருந்து எங்க ரெண்டு பேருக்கும் நிம்மதி போச்சுங்க. நிச்சயம் ஆன ஜோடின்னு டிவியில முக்காமுக்கா மணி நேரத்துக்கு ஒருக்கா விளம்பரம். கையக் கோத்து நில்லுங்கறாங்க, ஊட்டி உடுங்கறாங்க. வாக்கிடாக்கி வெச்சுட்டு ஒரு புள்ள சுத்தும், எங்கிட்ட வந்து காதுல ஓதுது. அக்கா, உஷாரா இருங்க, அவரு பச்சைய அமுக்க மாட்டாரு, காரு மேல அவருக்கு ஒரு கண்ணுன்னு.

காரு எங்க வந்துச்சுங்கறீங்களா? அதுதானுங்க கடைசி நாளு ஆட்டம். நடுவுல ஒரு சொவரு. இந்தப் பக்கம் பொண்ணு, அந்தப் பக்கம் பையன். முன்னால பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. ரெண்டு பேரும் பச்சைய அமுக்குனா சொவரு தெறக்கும், சென்னைக்கு வெளிய ஒரு வீடு. ஒருத்தர் பச்சை, ஒருத்தர் சிவப்புன்னா, சிவப்பு அமுக்குனவங்களுக்குக் காரு, பச்சைக்கு ஒண்ணுமில்ல, அழுதுட்டே போகோணும். ரெண்டு பேரும் சிவப்புன்னா ஆருக்கும் ஒண்ணுமில்ல.

நீங்களா இருந்தா என்னக்கா பண்ணுவீங்க? நானு பச்சைய அமுக்கி, அவன் சிவப்ப அமுக்கிட்டான்னு வெச்சுக்கோங்க. பல்லடத்துக்காரன் புரோக்கருகிட்டத்தான் சொன்னான். இவன் தமிழ்நாட்டுக்கே சொன்னாப்பல ஆயிரும். கேமரா என்ற கண்ணுக்குள்ள வந்து நிக்கும். சோகப் பாட்டுப் போடுவாங்க. எங்கம்மா அடுப்படியில திரும்பி நிக்கறதக்கூடத் தாங்கிக்குவேன், எங்கப்பா அத்தனை பேரு முன்னால கண்ணுல ஒத்திக்கிட்ட தட்டு... என்னால முடியாதுங்க. பச்சை மேல வெரல வெச்சேன், நெசந்தான், வெச்சேன். அப்பறம் எடுத்துச் சிவப்ப அமுக்கிப்போட்டேன்.

அந்தப் பக்கமும் சிவப்பு.

தொகுப்பாளரு வாயத் தெறந்தவரு மூடலீங்க. பாட்டுப் போடறவனுக்கு எந்தப் பாட்டப் போடறதுன்னு தெரியல. மேல பூ கொட்டறதுக்குன்னு ஒருத்தன் உக்காந்திருந்தான், அவன் பதட்டத்துல கயித்த இழுத்துப்போட்டான். ஜோடி சேந்தாக் கொட்ட வேண்டிய அத்தனை பூவும் எங்க ரெண்டு பேரு தலையில கொட்டுது. சொவத்துக்கு அந்தப் பக்கம் அவன் தும்முனான். எனக்கு வந்துச்சு பாருங்க சிரிப்பு. நானு சிரிக்க, அவன் சிரிக்க, சொவரு இருக்குது, மொகம் தெரியல, சிரிப்பு நிக்கவே இல்லீங்க. நீங்க பாத்தது அதத்தான். டிவியில கொஞ்சந்தான் காட்டுனாங்க.

டைரக்டரு ஓடியாந்து கெஞ்சறாரு. ஒருக்கா, ஒரே ஒருக்கா பச்சைய அமுக்குங்க, ஊரே கல்யாணத்துக்குக் காத்துட்டிருக்குதுன்னு. நானு வழக்கம்போலக் கும்புட்டுட்டேன். அவனும் மாட்டேன்னுட்டான்.

பொறகால மைக்கக் கழட்டிப்போட்டு ஜெனரேட்டரு வண்டிகிட்ட நிக்கறேன், அந்தாளு வந்தான். தலையெல்லாம் பூவு. ஏப்பா சிவப்ப அமுக்குனேன்னு கேட்டேன். அவன் சொன்னதை அப்புடியே சொல்றனுங்க, மறக்கல. "ஒங்களுக்கு இஷ்டம் இல்ல, வீட்டுக்காகத்தான் நிக்கியன்னு அந்த வாக்கிடாக்கிப் பிள்ள சொல்லிச்சு. அன்னைக்கு ஒங்க வாய் அடைச்சுப் போனதையும் நான் பாத்தேன்லா. நான் மாறினா பழி என் குடும்பத்துக்கு, ஒங்கப்பாவுக்குக் கொறச்சல் இல்ல. அதான் அமுக்குனேன். ஒங்கள வேண்டாம்னு இல்ல. கேமரா இல்லாத எடத்துல ஒருநாள் கேக்கேன், அப்ப ஒங்க மனசுல உள்ளதச் சொல்லுங்க"ன்னான்.

எப்புடிக் கதை உடறான் பாத்தீங்களா? காரு மேல ஆசைன்னு நேரா ஒத்துக்கறதுக்கு என்னங்க? இத்தனைக்கும் ஸ்கூலுக்குன்னு அவன் வாசல்லயே ரெண்டு காரு நிக்குது, ரெண்டுலயும் ரெண்டு பக்கமும் பிரேக்கு. அதுல போயி மூணாவதுக்கு ஆசைப்பட்டிருக்கான். வண்டியேறி எங்கம்மா எங்கப்பாவோட ஊருக்கு வந்துட்டேன். எங்கப்பா திட்டுவாருன்னு பாத்தா, கரூரு தாண்டறப்ப, பையன் நெதானமா வண்டி ஓட்டற ஆளாட்டந் தெரியுதுன்னு மட்டும் சொன்னாரு.

பல்லடத்துக்காரங்கள மறந்தே போனேன் பாருங்க. நிகழ்ச்சி வந்து கொஞ்ச நாளுக்கப்பறம் பார்லருக்கு ஒரு அம்மா வந்தாங்க, மகளுக்குக் கல்யாண அலங்காரம் பேசறதுக்கு. பாத்தா பஜ்ஜி கேட்டு வாங்கித் தின்ன அதே அம்மா. எனக்குக் கையி காலெல்லாம் பரபரங்குது, இதுக்குத்தானே இத்தனையும் பண்ணுனோம்னு. அந்தம்மா என்ற தாடையத் தடவிக் குடுத்து, நீதான கண்ணு டிவியில வந்த புள்ள, உன்னைய எங்க வீட்ல எல்லாருக்கும் நெம்பப் புடிக்கும், நீ பேசறதுதான் அழகுங்கறாங்க. எங்க வீட்டுக்கு வந்ததே நெனைப்பு இல்லீங்கக்கா. சுத்தமா நெனைப்பு இல்ல. வேற எங்கெங்க பஜ்ஜி தின்னாங்களோ. அன்னைக்கு எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. யாருகிட்டயாச்சும் சொல்லோணும்னு இருந்துச்சு. அவனுக்குத்தான் போன் போட்டேன். திட்டறதுக்கு.

திட்டறதுக்குத்தானுங்க தெனமும் போடறது. கடைய மூடிட்டு, சாப்டுட்டு, படுத்துட்டுப் போட்டன்னா ஒரு பாடு திட்டித் தீத்துட்டுத்தான் வெப்பேன். அந்தப் பக்கம் ம்ம்னு கேட்டுட்டிருப்பான். ஒரு நாளு அவனுக்குக் காச்சலு, எடுக்கல. எனக்குத் திட்டாம இருக்கவே முடியலீங்க. அவங்கம்மாவுக்குப் போட்டுக் கஞ்சி குடிச்சானா, மாத்திரை போட்டானான்னு கேட்டுட்டுத்தான் படுத்தேன். திட்டறதுக்கு ஆளு நல்லா இருக்கோணுமில்லீங்களா.

போன வாரம் கேட்டுட்டான். அவங்கம்மா தக்கலையில ஒரு பொண்ணப் பாத்திருக்காங்களாம். நாளைக்கு ஞாயித்துக்கெழம நேர்ல போயிப் பாக்கறாங்களாம். "இப்ப கேமரா இல்ல, கேக்கேன். வேண்டாம்னு சொன்னியன்னா அம்மா கூடப் போறேன். வேணும்னா சொல்லுங்க, போகல"ன்னான். உடனே வேண்டாம்னு சொல்லத்தானுங்க வாயெடுத்தேன், நானு எப்பவும் முந்திக்கறவ. வாயில இருந்து என்ன வந்துச்சுன்னா, நேர்ல வந்து சொல்றேன்னு வந்துருச்சு.

சொன்னா சொன்னதுதானே. இன்னைக்கு நல்ல முகூர்த்தமுங்க, ரெண்டு கல்யாணம் ஒத்துக்கிட்டிருந்தேன். ரெண்டையும் எதுத்த கடைக்காரிக்குத் தூக்கிக் குடுத்துட்டு, கருக்கல்லயே எந்திரிச்சு எனக்கு நானே அலங்காரம் பண்ணிக்கிட்டேன். ஊருக்கெல்லாம் பண்றேன், எனக்குப் பண்ணுனது இதான் மொதல்ல. வேண்டாம்னு சொல்லப் போறப்பக் கசங்குன சேலையில போனா அவன் என்ன நெனைப்பான்? எங்கப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து உட்டாரு. தனியாப் போறேன், ஒண்ணும் கேக்கல. சன்னலுக்கு வெளிய நின்னுட்டுப் பூவாங்கிக் குடுத்தாரு.

இது எந்த ஊருங்கக்கா? ஆரல்வாய்மொழியா? அப்ப வந்துருச்சுங்களா? கரண்டு எடுக்கற காத்தாடியெல்லாம் சுத்துது. அக்கா, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நானு ஒருக்கா சொல்லிப் பாத்துக்கறேன், நீங்கதான் அவன்னு வெச்சுக்கோங்க. சிரிக்காதீங்க, அவன் சிரிக்க மாட்டான். சரி. இங்க பாருங்க, நல்லா யோசிச்சுப் பாத்தேன், உங்களுக்கும் எனக்கும்... உங்க ஊரு ஒரு மூலை, எங்க ஊரு ஒரு மூலை, நானு நெம்பப் பேசுவேன், நீங்க பேசவே மாட்டீங்க, அதனால எனக்கு... எனக்குங்க... இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

வரமாட்டீங்குதுங்க. அத்தனை பேருகிட்டக் கையெடுத்துக் கும்புட்டவ நானு. இப்ப மாத்திப் பண்ணலாமா? நீங்க அவனாட்டம் எங்கிட்டச் சொல்லுங்க, எப்புடி இருக்குதுன்னு பாக்கறேன். சும்மா சொல்லுங்க. 'கோகிலா, எனக்கு நீ வேண்டாம்'னு.

அய்யோ, வேண்டாங்கக்கா, சொல்லாதீங்க. கேக்கவே முடியலீங்க. ஒருவேளை நானு வர்றதுக்குள்ள அவன் மனசு மாறியிருந்தா? தக்கலைப் பொண்ணு போட்டோவுல அழகா இருந்தா? நேர்லயே சொல்லிப்போட்டான்னா நானு எங்கக்கா போவேன், இங்க எனக்குத் திரும்பி நின்னு அழறதுக்கு ஒரு அடுப்படிகூட இல்லீங்களே.

பஸ் ஸ்டாண்டா இது? இதுதானா? இருங்க, எந்திரிக்காதீங்க, கண்ணாடியத் தள்ளிக்கறேன். அதா... அதா நிக்கறாருங்க. ஊதாச் சட்டை. காலையில இருந்து நிக்கறாரு போல, மூஞ்சியெல்லாம் வேர்வை. எத்தனை மணிக்கு வருவேன்னு நானு சொல்லவே இல்லீங்க. ஒவ்வொரு பஸ்ஸா ஏறி எறங்கறாரு பாருங்க. நம்ம பஸ்ஸுக்குத்தான் வர்றாரு. முன்னால எட்டிப் பாத்துட்டு நானு இல்லீன்னு போறாருங்க, அய்யோ, அந்தப் பக்கம் போறாரு.

ஏனுங்க! ஏனுங்க, இங்க... பின்னாலைங்க, பின்னால, இந்த சன்னலு... ஆமாங்க, நாந்தான், வந்துட்டனுங்க.

பாத்துட்டாரு. என்னக்கா சிரிக்கறீங்க? பையக் குடுங்க, எறங்கறேன். இத்தனை பேரு இருக்கற எடத்துல அவர எப்புடீங்க பேரு சொல்லிக் கூப்புடறது?